கீழ்வீட்டு மாமியின் கடல்

போன மாசியில் கீழ்வீட்டு மாமியை அடக்கம் செய்த அன்று, பலெர்மோ நகரத்துப் பலாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் தேவாலயத்தில் இடம் போதாமல் சனம் ஒழுங்கை முழுக்க நின்றது. நீங்களும் நின்றீர்கள். அந்த அல்பெர்கேரியாப் பகுதியில் ஒன்றாக வளர்ந்த நாங்கள், தலைக்கு மை பூசுகிறவர்களும் பூசுவதை விட்டவர்களுமாக, ஒரு மூலையில் சேர்ந்து நின்றோம். மாமியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி பாதிரியார் என்னைக் கேட்டார். எழுந்து போனேன், ஒலிவாங்கியைப் பிடித்தேன், அழுதேன், திரும்பி வந்து இருந்துவிட்டேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். உங்களுக்கு அன்றைக்கு நல்ல பகிடி. அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பேசியவர்கள் எல்லாரும் பெரிய விஷயங்களைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மாமி நகரசபைப் படியில் இருந்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த பாடசாலை வாசலில் மழையில் நின்றது, எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு மாமி என்றால் ஒரு கோடை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீடு நாலாம் மாடியில், மாமியின் வீடு தெருவோடு ஒட்டிய ஒற்றை அறை. கதவுக்குப் பதில் நிறநிறமான பிளாஸ்டிக் நாடாக்கள் தொங்கும். உள்ளே பொரித்த வாழைக்காய் வாசமும் தலைக்குப் பூசும் ஏதோ வெண்ணெயின் வாசமும் கலந்திருக்கும். வாசலில் ஒரு நீலக் கதிரை, ஒரு கால் வெடித்து, கம்பி சுற்றியது. விடியற்காலையில் மாமி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போவார். மத்தியானம் வந்து அந்தக் கதிரையில் பெண்களை இருத்தித் தலை பின்னுவார். அவர் கானா நாட்டவர். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். எங்கள் அப்பா அவரோடு பேசும்போது ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்வார்.

மற்ற வேலை செவ்வாயும் வெள்ளியும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போகிறவர்கள் தனியாகப் போகக்கூடாது என்பது மாமி போட்ட சட்டம். யார் போனாலும் மடிக்கிற முக்காலியோடு கூடப் போவார். வங்காளி, மொறோக்கோக்காரர், மொரீசியஸ் தமிழர், நாங்கள், பேதமில்லை. உள்ளே போய் அவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலே அதிகாரியின் குரல் பாதி இறங்கிவிடும் என்று அப்பாவே வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அப்படிச் சொன்ன அப்பாவும் அம்மாவும் மாமியை வீட்டில் எப்படிக் குறிப்பிட்டார்கள் என்று எழுத மாட்டேன். அந்தச் சொல் உங்கள் வீடுகளிலும் புழங்கியதுதான். மாமி மேலே வந்தால் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால் அது பச்சை நிறப் பிளாஸ்டிக் கோப்பையில் போகும். நாங்கள் குடிப்பது எவர்சில்வர் தம்ளரில். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வைக்காமலே கொண்டுவந்த சாமான்கள் சில இருந்தன, அவற்றில் இந்தத் தனிக்கோப்பை வழக்கமும் ஒன்று. மாமி அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, ருசித்துக் குடித்து, தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அவருக்கு விளங்கியதா என்று நான் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. விளங்காமல் இருக்குமா?

அவர் பேசியது பலெர்மோச் சந்தை வாசம் அடிக்கும் இத்தாலியன். என் காதில் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன், கோவிக்காதீர்கள்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் மாமி இரண்டு சிநேகிதிகளோடு கடலில் குளிக்கப் போனார். நகரத்துக்கு வெளியே, பஸ் போய் நிற்கிற இடத்தில் இருக்கிற வெள்ளை மணற்கரை. இடத்தின் பெயர் வேண்டாம். இன்றைக்கு அங்கே குடை விரிக்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். அந்த நாளில் கரையில் ஒரு பகுதிக்கு வேலி போட்டு, வாசலில் சங்கிலி கட்டி, ஒருவன் நின்றான். "இடமில்லை" என்றான். மாமிக்குப் பின்னால் வந்த வெள்ளைக் குடும்பத்துக்கு இடம் இருந்தது. மாமி சண்டை பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்து பேரோடு போனார், இடமில்லை. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கூடப் பேர். குளிக்கிற உடுப்போடு, தோளில் துவாயோடு, சங்கிலிக்கு வெளியே வெயிலில் மத்தியானம் வரை நின்றுவிட்டு வருவார்கள். வந்து நீலக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, "கடலுக்குக் கதவு வைச்சவங்கள் சாவியையும் எங்கையோ வைச்சிருப்பாங்கள்தானே, தேடுவம்" என்று சிரிப்பார்.

எங்கள் வீட்டில் இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு.

"சாப்பாட்டுக்குச் சண்டை பிடிச்சால் நியாயம். உடம்பு நனைக்கச் சண்டை பிடிக்கிறாள்" என்றார் அப்பா.

"உவையோடை நிண்டு ஆரும் படம் எடுத்தால் எங்கடை பெர்மெஸ்ஸோவும் போயிடும். பிள்ளை, நீ கீழை போகாதை" என்றார் அம்மா.

நான் போனேன். போய் மாமியின் கதிரையில் இருந்து தலைமுழுக்கப் பொடிப் பின்னலாகப் பின்னிக்கொண்டு மேலே வந்தேன். ஒவ்வொரு பின்னலின் நுனியிலும் மஞ்சள் மணி. அம்மா என்னைக் கண்ட உடனே ஐயோ என்று தலையில் கை வைத்தார். பிறகு மடியில் இருத்தி, ஒவ்வொன்றாக அவிழ்த்து, நல்லெண்ணெய் தேய்த்து இழுத்து வாரினார். மணிகளை மட்டும் எறியவில்லை. அவற்றை ஒரு பழைய பால்மாப் பேணியில் போட்டு வைத்தார். வீடு மாறும்போது அந்தப் பேணி எங்கேயோ போய்விட்டது.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அப்பாவின் தகப்பனாரை நாங்கள் அப்பு என்போம். அப்பு ஊரில் செத்துப்போன செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. யுத்தம், பாதை பூட்டு. அப்பா கொள்ளி வைக்கவில்லை, முகம் பார்க்கவில்லை. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாடி எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். ஊரில் என்றால் கீரிமலை. அப்பாவுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான்.

முதல் வருஷம் நகரத்துக்குக் கிட்ட, துறைமுகப் பக்கத்துக் கல்லுக்குள் இறங்கிச் செய்தார். பக்கத்தில்தான் கழிவுநீர் வாய்க்கால் வந்து விழும். அது தெரியாமல் முழுகிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு தொடாமல் இருந்தார். "என்ரை அப்புவுக்குச் சாக்கடையிலை இறைச்சுப்போட்டு வந்திருக்கிறன்" என்று சொல்லி அழுதார். அப்பா அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சுவருக்கு முகம் கொடுத்துக்கொண்டு அழுதார்.

அதனால் நான் சொல்கிற அந்தக் கோடையில் நல்ல தண்ணீர் வேண்டும், காலுக்கு மணல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த வெள்ளை மணற்கரைதான். அம்மா வேலை செய்த வீட்டு எசமானியம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கிழமை நாட்களில் அம்மா அங்கே போய்வருகிறவர், தண்ணீர் கண்ணாடி என்று சொல்லியிருந்தார். ஆடி அமாவாசையும் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்பாவுக்கு லீவு. "அப்புவே பாத்து வைச்ச நாள்" என்று அம்மா மகிழ்ந்தார். மாமியின் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைதான் போவார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆடி அமாவாசை விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. பலெர்மோவில் காத்தோட்டிக்காய்க்கு எங்கே போவது? அம்மா கபோச் சந்தை, பலாரோச் சந்தை இரண்டையும் அலசிவிட்டு வெறுங்கையோடு வந்தார். நான்தான் கீழே ஓடிப்போய் மாமிக்குச் சொன்னேன்: சின்னக் காய், பச்சை, முள்ளுக்கொடி, சரியான கைப்பு. மாமி யோசித்தார். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு தீவில் வெயிலில் குனிந்து, உப்பிலிட்டுச் சாப்பிடுகிற காப்பெரி மொட்டு ஆய்கிற வேலை செய்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு பின் ஒழுங்கைக்குக் கூட்டிப்போனார். இடிந்த வீட்டுச் சுவரில் காப்பெரிக் கொடி தொங்கியது. மொட்டு பூத்து முடிந்து காய் பிடித்திருந்தது. நீலக் கதிரையைப் போட்டு ஏறி ஒரு துவாய் நிறைய ஆய்ந்து தந்தார்.

அம்மா ஒரு காயைக் கடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு, "எட, இது காத்தோட்டியின்ரை சொந்தக்காரன்தான்!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். படியிறங்கிப் போய் மாமிக்கு நன்றி சொல்லிவிட்டும் வந்தார். அம்மா அந்த வாசல் நாடாவை விலக்கியது அதுவே முதல் தடவை.

இருந்தாலும் கடற்கரைக்கு மாமியோடு போவது என்ற பேச்சே இல்லை. அம்மாவும் அப்பாவும் வேறு திட்டம் போட்டார்கள். எங்கள் ஆட்களால்தான் அப்படி ஒரு திட்டம் போட முடியும். மாமியின் ஆட்களை ஏன் விடவில்லை? அரைகுறை உடுப்போடு போனபடியால். நாங்கள் மரியாதையாகப் போனால் மரியாதையாக விடுவார்கள். ஆகவே அப்பா கோட்டும் ரையும் கட்டிச் சப்பாத்தைப் பளபளவென்று துடைத்தார். அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தாலிக்கொடி, அட்டியல், இரண்டு சோடி காப்பு. எனக்குக் கல்யாண வீட்டுக்குத் தைத்த வலை வைத்த சட்டை. ஊர் முழுக்க உரிந்துபோட்டுக் கிடக்கிற கடற்கரைக்கு நாங்கள் மூன்று பேரும் மணவறைக்குப் போகிற மாதிரிப் புறப்பட்டோம். அப்பாவின் பையில் வேட்டி, எள்ளு, செம்பு, தர்ப்பை இல்லாத குறைக்கு ஏதோ ஒரு புல்லு.

பஸ்ஸில் ஏறினால் பின் ஆசனம் முழுக்க மாமியும் ஆட்களும். மாமியின் குளியல் உடுப்பு செம்பரத்தம்பூச் சிவப்பு, மேலே ஒரு துணி சுற்றியிருந்தார். அம்மா யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். அப்பா இல்லாத பத்திரிகையைத் தேடினார். மாமி ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு, எங்களைத் தெரியாதவர் மாதிரியே வந்தார். நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து அம்மாவிடம் நுள்ளு வாங்கினேன்.

வாசலில் சங்கிலி, வெள்ளைச் சட்டைக்காரன், வரிசை. வெயில் கொளுத்தியது. அப்பாவின் கழுத்துப்பட்டை நனைந்துவிட்டது. எங்கள் முறை வந்தபோது அவன் எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"கல்யாணமா? இங்கை கல்யாணம் செய்யிறேல்லை. இடமும் இல்லை."

அப்பாவுக்கு இத்தாலியன் தடக்கியது. நான் சொன்னேன்: இது செத்துப்போன அப்புவுக்காக, இன்றைக்கு அப்பா கடலில் முழுகி அவருக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், இன்றைக்கு விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

பலெர்மோக்காரர் உயிரோடு இருப்பவரோடு எப்படியும் நடப்பார்கள், செத்தவர்களோடு விளையாட மாட்டார்கள். இறந்தோர் நினைவுநாளில் இறந்தவர்களே வந்து பிள்ளைகளுக்குப் பலகாரம் வைத்துவிட்டுப் போவதாக நம்புகிற ஊர் அல்லவா. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். நெஞ்சில் சிலுவை போட்டான்.

"தகப்பனாருக்கோ? சரி. நீங்கள் மூண்டு பேரும் போங்கோ." பிறகு பின்னால் நின்ற மாமியின் கூட்டத்தைக் காட்டி, "அவையில்லை" என்றான்.

சங்கிலி இறங்கியது. அப்பா கண்ணுக்கு முன்னால் கடல். அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். திரும்பி மாமியைப் பார்த்தார். மாமி கையை வீசி, "போங்கோ, போங்கோ. உங்கடை அப்பா காத்துக்கொண்டு நிக்கிறார். எங்கடை அலுவல் மெல்ல நடக்கும்" என்றார்.

அப்பா போயிருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்து வாசல்காரன் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தான்.

"நீ வேலைக்காரப் பெட்டையெல்லே? கிழமை நாளிலை வாறனீ. எங்கை உன்ரை சிஞ்ஞோரா?"

பட்டுச்சேலை, அட்டியல், காப்பு எல்லாவற்றோடும் அம்மா அப்படியே நின்றார். முகம் கறுத்தது. அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். அம்மா சங்கிலியடியை விட்டுத் திரும்பினார். நேரே மாமியிடம் போய், அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மாமியை அம்மா தொட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, "கோன் மே" என்றார். என்னோடு வந்தவர் என்று அர்த்தம். கிழமை நாட்களில் அதே வாசலில் சிஞ்ஞோரா அம்மாவைக் காட்டிச் சொல்லி உள்ளே எடுக்கிற வார்த்தை அது.

"ஆர், இவவோ?"

"எல்லாரும். துத்தி."

"இவை உனக்கு என்ன முறை?"

அம்மாவின் இத்தாலியன் முடிந்துவிட்டது. தமிழில் சொன்னார். "என்ரை ஆக்கள்." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, சொல்லு அவனுக்கு. செத்தவீட்டுக்கு வந்த சனத்தை வாசலிலை மறிக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லையெண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். உரத்துச் சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு கிழவி, தடித்த சிசிலியப் பாஷையில், வெட்கங்கெட்டவனே, செத்தவருக்கு வந்தவர்களை விடு என்று குடையால் வேலியில் தட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மெதுவாக உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே, மாமிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். படி இல்லாதபடியால் அவருடைய தோளுக்குத்தான் வந்தார். வாசல்காரன் சங்கிலியைக் கீழே போட்டான்.

எல்லாரும் போனோம். மணல் சுட்டது. கிடந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். மாமி குனிந்து என் காதில், "இண்டைக்கு உங்கடை அப்பு எங்களை உள்ளை விட்டவர். அவருக்கு நன்றி. அடுத்த கிழமை நாங்கள் எங்கடை பேரிலை வருவம்" என்றார். வந்தார். மறித்தார்கள். திரும்ப வந்தார். அடுத்த கோடைக்குத் தண்ணீர் வரைக்கும் எல்லாரும் போகிற பாதை ஒன்றைத் திறந்துவிட்டார்கள். நீங்களும் நானும் கோடை லீவு விட்டதும் பஸ்ஸால் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது அந்தப் பாதையில்தான். யார் திறந்தது என்று அப்போது யாராவது யோசித்தோமா?

அப்பா துவாய் மறைப்பில் வேட்டி மாற்றிக்கொண்டு இறங்கினார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் செம்போடு நின்றார். ஒரு பந்து வந்து விழுந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். மாமியின் ஆட்கள் சொல்லாமலே வந்து அப்பாவைச் சுற்றி வளைந்து நின்றார்கள், முதுகை அவருக்குக் காட்டி, முகத்தைக் கரைக்குக் காட்டி. அந்த வளைவுக்குள் அப்பா அப்புவின் பெயரைச் சொல்லி மூன்று தரம் முழுகினார். எள்ளும் தண்ணீரும் கைவழியே இறங்கின. தண்ணீர் கண்ணாடிதான். எள்ளு அடியில் போய்ப் படிகிறது தெரிந்தது. அப்பாவின் முகத்தில் அத்தனை நாளாக இருந்த இறுக்கம் போய்விட்டது.

மாமி திரும்பி என்னிடம், "என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"தன்ரை அப்பாவின்ரை பேர்."

மாமி குனிந்து, அடியில் படிந்த எள்ளைப் பார்த்தார். பிறகு, "என்ரை அப்பா செத்தபோது என்ரை பெர்மெஸ்ஸோ குவெஸ்தூராவிலை கிடந்தது. போனால் திரும்பி வரேலாது. நான் போகேல்லை" என்றார். கையை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் தருவாரோ, கேள்."

நான் கேட்டேன். அப்பா தயங்கினார். பெண்கள் எள்ளிறைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"குடுங்கோவன்" என்றார் அம்மா. அப்பா மாமியின் கையில் எள்ளு வைக்க, செம்பில் தண்ணீரை முகந்து அம்மாவே வார்த்தார்.

மாமி ஒரு நீளமான பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு முழுகி எழும்பி, முகத்தைத் துடைக்காமல் நின்றார். அழுதாரா என்று தெரியவில்லை, எல்லாம் உப்புத் தண்ணீர். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். அப்பா பொட்டலத்தில் மிஞ்சியதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"பிள்ளை, அவவின்ரை தேப்பன் ஊரிலை என்ன தொழில் எண்டு கேள்" என்றார் அப்பா. கேட்டேன்.

"மீன் பிடிக்கிறவராம். அங்கையும் கடலாம்."

அப்பா தலையாட்டினார். கையில் ஒட்டியிருந்த கடைசி எள்ளையும் தண்ணீரில் அலசிவிட்டு மாமியைப் பார்த்து, தமிழிலேயே, என்னை மொழிபெயர்க்க விடாமல் சொன்னார்: "கடல் தெரிஞ்ச மனுசன். வழி கேக்கத் தேவையில்லை. வந்திருப்பார்."

மாமி என் பக்கம் திரும்பாமலே "ஓம்" என்றார்.